மெத்தை வைத்த பல்சக்கரம்

அவரை எல்லாரும் மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டுத் தலையணை விலை விசாரிக்க வந்தவர்களும் உண்டு. அவர் செய்கிற மெத்தையில் மனிதர் யாரும் படுக்க முடியாது. கட்டைவிரல் நகத்தளவு ரப்பர் துண்டு அது. அதன்மேல் சாய்ந்துகொள்வது செல்ஃப் மோட்டாருக்குள் இருக்கிற ஒரு பல்சக்கரம்.

சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறது, அதற்குமேல் நமக்கென்ன என்று இருப்பவர்களுக்கு அந்த ஒரு நொடியில் உள்ளே நடக்கிற அடிதடி தெரியாது. செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் முன்னால் பாய்ந்து, எஞ்சினின் பெரிய சக்கரத்தைக் கடித்து, அசையமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் எஞ்சினை உலுக்கிச் சுற்றிவிட்டு, அதற்கு உயிர் வந்ததும் அடி வாங்காமல் பின்னால் ஓடி வந்துவிட வேண்டும். கடிக்கிற நேரத்து அதிர்ச்சி அப்படியே உள்ளே இறங்கும். உள்ளே ஒரு வளையம், அதன் உட்புறம் முழுக்கப் பற்கள், அந்தப் பற்களில் ஓடுகிற குட்டிச் சக்கரங்கள். வளையத்தை நேராக இரும்புக் கூட்டில் இறுக்கிவிட்டால் அதிர்ச்சிக்கு ஒரு பல் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் ரப்பர் துண்டுகளைச் சொருகி வைப்பார்கள். அடி விழும்போது வளையம் மயிரிழை அசைந்து கொடுக்கும், ரப்பர் அடியை விழுங்கிக்கொள்ளும்.

அந்த ரப்பர் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து நாளடைவில் கல்லாகிவிடும். தனியாகக் கடையில் கிடைக்காது. மற்றப் பட்டறைகளில் மோட்டாரையே மாற்றிவிடுங்கள் என்று கையை விரிப்பார்கள். இவர் மட்டும் ரப்பர் தகட்டில் அளவெடுத்து, சாணை பிடித்த கத்தியால் புதுத் துண்டு வெட்டி உட்கார வைப்பார். வெட்டியதை நகத்தால் அழுத்திப் பார்த்து, "இது கொஞ்சம் முரடு," "இது ரொம்ப சாது" என்று பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்.

பட்டறை என்பது டயர் கடைக்குப் பின்னால் நீளமாகப் போகிற ஒரு தகரக் கொட்டகை. வாசலருகே மோட்டார்களைக் கழுவுகிற தொட்டி, நடுவில் செம்புக் கம்பி சுற்றுகிற காயில்காரரின் மேசை, கடைசியில் ஜன்னலோரம் சோதனை பெஞ்ச். பழைய எஞ்சின் ஒன்றின் பெரிய சக்கரத்தை பிரேக்கோடு அந்த பெஞ்ச்சில் பொருத்தியிருந்தார்கள். பழுது பார்த்த எந்த மோட்டாரும் அங்கே பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி அந்தச் சக்கரத்தைக் கடித்துச் சுற்றிக் காட்டினால்தான் வெளியே போகலாம். மெத்தைக்காரர் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடுவார். "ம்" என்றால் மோட்டார் போகலாம். "ம்ஹூம்" என்றால் மறுபடியும் கழற்ற வேண்டும். முதலாளியம்மாவே வந்து நின்றாலும் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

தரை கூட்டுகிறவராக உள்ளே வந்தவர் தொட்டி, மேசை என்று ஒவ்வொரு இடமாக நகர்ந்து அந்த ஜன்னலோரம் வந்து சேர்வதற்குள் தலை நரைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தனிக்கடை போட்டுப் போய்விட்டார்கள். இவருக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. அந்த பெஞ்ச்சும் அந்த "ம்"மும் இருந்தால் போதும்.

வீட்டில் கதை வேறு. அவர் மனைவி டாக்ஸி நிலையத்தில் அழைப்பு எடுப்பவள். வண்டி கேட்பவர்களிடம் இடத்தை விசாரித்து, ஊரெல்லாம் ஓடுகிற ஓட்டுநர்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். கரகரவென்று இரைகிற அந்தக் கருவியில், கொட்டுகிற மழையிலும் அவள் சொன்னது எந்த ஓட்டுநருக்கும் புரியாமல் போனதில்லை. காதும் அப்படித்தான், பாம்புச் செவி. பக்கத்து வீட்டில் குழாயைச் சரியாக மூடாவிட்டால் இவளுக்குத் தூக்கம் வராது. ஊரே புரிந்துகொள்கிற அவள் பேச்சு புரியாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்தான்.

"வாய்க்குள்ளேயே பேசாத. கொஞ்சம் வெளிய வர்ற மாதிரி பேசு," என்பார்.

"வெளியதாங்க பேசுறேன்."

"பாரு, இப்பவும் என்னமோ முணுமுணுக்குற."

வெளியூரில் இருக்கும் மகள் போனில் பேத்தியைப் பேச வைப்பாள். இவர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே வைத்திருந்துவிட்டு, "லைன் சரியில்ல, நீ பேசு" என்று மனைவியிடம் நீட்டிவிடுவார். மனைவிக்கு அதே லைனில் குழந்தை மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

விஷயம் இதுதான்: மெத்தைக்காரரின் காதில் மேல் சத்தங்கள் போய்விட்டன. டமார், மடார், கடகட என்ற தடித்த சத்தமெல்லாம் கேட்கும். கீச்சு, கிணுகிணு, பேத்தியின் குரல், மனைவி பேச்சில் பாதி எழுத்து, இவை எதுவும் கேட்காது. வருடக்கணக்காகத் தகரக் கொட்டகையில் நின்றவருக்கு அவை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தன. போனது தெரிந்தால்தானே தேடுவதற்கு? உலகம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது, மனைவி கொஞ்சம் முணுமுணுக்கிறாள் என்று அவர் பாட்டுக்கு இருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியம்மா ஆம்புலன்ஸ் டிப்போவின் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்குப் பிறகு பட்டறையை ஏற்று நடத்துகிற பெண்மணி, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆம்புலன்ஸ்கள் நாள் முழுக்க நிற்பதும் கிளம்புவதுமாக இருப்பவை. ரப்பர் சீக்கிரமே கல்லாகி, சாவி திருப்பும்போதெல்லாம் டமார் என்று இடித்தன. உள்ளே படுத்திருக்கிற நோயாளி ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போட்டு முழித்துக்கொள்கிறார் என்று டிப்போ சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார்.

"அண்ணே, இது முழுக்க உங்க பொறுப்பு. சத்தமே வரக்கூடாது," என்றார் முதலாளியம்மா.

மெத்தைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வழக்கமான ரப்பரை ஒதுக்கிவிட்டு இன்னும் மெத்தென்ற, மெதுவான ரப்பரில் வெட்டினார். பெஞ்ச்சில் போட்டார், இடி பாதியாகக் குறைந்தது. அதைவிட மெதுவான ரப்பர், இடி இன்னும் குறைந்தது. கடைசியில் விரலால் அழுத்தினால் குழிகிற ரப்பரில் வெட்டி வைத்தார். இடியே இல்லை. காதோரம் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போல அந்த மோட்டாரைப் பார்த்துச் சிரித்தார். "ம்," என்றார்.

அவர் செய்தது என்னவென்றால், அதிர்ச்சியை விழுங்குகிற ஆசையில் வளையத்துக்கு ஊன்றி நிற்க இடமே இல்லாமல் செய்துவிட்டார். ரப்பர் அளவுக்குமேல் மெதுவானால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த பற்களில் குட்டிச் சக்கரங்கள் உரசி ஓடும். அப்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பல் கூசும். அவர் ரப்பரை மெதுவாக்க மெதுவாக்க, கேட்கிற இடி குறைந்துகொண்டே வந்தது, கேட்காத கீச்சு ஏறிக்கொண்டே போனது. காது நன்றாக இருக்கிற எவரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. வேலை தெரியாத எவரும்கூடச் செய்ய முடியாது.

முதல் இரண்டு ஆம்புலன்ஸ்களும் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஓட்டுநர்களில் ஒருவர் நேராக ஜன்னலோரம் வந்து நின்றார்.

"முன்னாடி இடிச்சுது. இப்ப கத்துது. ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்டார்ட் பண்ணா எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க," என்றார்.

"என்ன கத்துது?"

"நீங்களே கேளுங்க."

மோட்டாரைக் கழற்றி பெஞ்ச்சில் இறுக்கி ஓட்டினார் மெத்தைக்காரர். காயில்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். ஓட்டுநர் காதைப் பொத்திக்கொண்டார். மெத்தைக்காரர் கண்ணை மூடி, நிதானமாகக் கேட்டு, கண்ணைத் திறந்தார்.

"பூ மாதிரி ஓடுது. இதுல என்ன குறை கண்டீங்க?"

கூட்டைத் திறந்தபோது கிரீஸில் இரும்புப் பொடி மினுமினுத்தது. அதைப் பார்த்தும் நம் மனிதர் அசையவில்லை, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் சாவியைப் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான் ஆகும் என்று ஓட்டுநர் தலையில் பழியைப் போட்டார். இந்த இடத்தில் அவரை இரண்டு கேள்வி கேட்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் தன் காதைத் தவிர வேறு எதை அவர் நம்புவார்?

சாயங்காலம் முதலாளியம்மா பெஞ்ச் பக்கம் வந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, சூப்பர்வைசர் கடைசியா ஒரு வண்டி தர்றேன்னு சொல்லியிருக்கார். அதுவும் திரும்பி வந்தா வேலை நம்ம கையை விட்டுப் போயிடும். அப்புறம் இந்த பெஞ்ச்சுல யார் நிக்கிறதுன்னு நானும் யோசிக்க வேண்டியிருக்கும்."

இது அவருக்கு நன்றாகவே கேட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மனைவி வேலை முடிந்து அந்த வழியாக வந்தவள், இருவருமாக வீட்டுக்குப் போகலாம் என்று பட்டறைக்குள் நுழைந்தாள். டயர் கடையைத் தாண்டும்போதே அந்தக் கீச்சு அவள் காதைத் துளைத்தது. உள்ளே யாருக்கோ அடிபட்டுவிட்டதோ என்று ஓடினாள். அங்கே அவள் வீட்டுக்காரர் அந்த மோட்டாரின்மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் நின்றிருந்தார். காயில்காரர் தன் மேசையில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பஞ்சை அவசரமாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பாவம் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய்க்குள் பேசுகிறாய் என்று இத்தனை வருடம் கேட்ட திட்டு, போன் லைன், அடுப்பில் விசிலடித்து அடித்து அடிப்பிடித்த குக்கர், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த நிமிடமே அழுகை வந்தது. இரண்டையும் மென்று முழுங்கிவிட்டு, "கிளம்பலாமா?" என்று கையைக் காட்டினாள்.

வீட்டில் அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சமையலறையிலிருந்து டைமரை எடுத்துவந்து திருகி, அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். டைமர் அலற ஆரம்பித்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார். அது அலறிக்கொண்டே இருந்தது. அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு அடுத்த பத்தியைப் படித்தார். மேல் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தரையைத் தட்டினார், தொம் தொம் என்று.

மெத்தைக்காரர் நிமிர்ந்தார். "என்ன, மேல இப்படிப் போட்டுத் தட்டுறாங்க?"

"இதை நிறுத்தச் சொல்றாங்க," என்றாள் அவள்.

அவர் டைமரைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கையில் எடுத்தார். உள்ளங்கையில் அது நடுங்குவது தெரிந்தது. காதருகே கொண்டுபோனார், ஒட்டி வைத்தார், மறு காதுக்கு மாற்றினார். அவள் கையை நீட்டி அதை வாங்கி நிறுத்தினாள். நிறுத்தியதும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் அவரை உடைத்தது.

"எவ்வளவு நாளா?" என்றார்.

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அந்த மோட்டார் தெரு வரைக்கும் கத்துதுங்க."

"அந்த டிரைவர் சொன்னது…"

"நிஜம்."

அந்த ஓட்டுநரைத் திட்டியது அவருக்கு நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. பிறகு, "பெஞ்ச் போச்சு," என்றார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

மறுநாள் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். சில தடவை அழுத்தினார். பிறகு அவர்கள் ஏதோ இடைவேளை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"மறுபடியும் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு சார்," என்றார் டாக்டர். மேல் சத்தம் போனது போனதுதான், கருவி வைத்தால் பேச்சு ஓரளவு தெளியும், அளவெடுத்துச் செய்துவர நாளாகும் என்று விளக்கினார். அந்தக் கடைசி ஆம்புலன்ஸை அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.

அடுத்த வார விடுமுறையன்று, காதும் காதும் வைத்தாற்போல் மனைவியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஜன்னலோரம் காயில்காரரின் முக்காலியைத் துடைத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"நான் ஓட்டுறேன். நீ கேட்டுட்டு எப்படின்னு சொல்லு."

"எனக்கு என்னங்க தெரியும் இதைப் பத்தி?"

"ஒண்ணும் தெரிய வேணாம். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு. அதை எனக்கு நீ தினமும் சொல்றதுதான."

முதலில் கெட்டியான ரப்பரைப் போட்டு ஓட்டினார். டமார் என்று விழுந்த இடியில் இரண்டு பேரும் துள்ளினார்கள். அதற்கு யார் காதும் தேவைப்படவில்லை. அடுத்து, பூ மாதிரி ஓடுகிறது என்று அவர் சத்தியம் செய்த ரப்பர். பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போலக் கண்ணை மூடப் போனவர், மூடாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புளிப்பான எதையோ கடித்தவள் போல ஒரு கண்ணை மூடி, தோளைக் காதுவரை தூக்கியிருந்தாள். அவர் பொத்தானை விட்டார். முகம் நேரானது. மறுபடி அழுத்தினார். மறுபடி சுளித்தது. தனக்குக் கேட்காத சத்தம் அவள் முகத்தில் வருவதும் போவதுமாக இருந்ததைப் பார்த்து அவருக்கு வியப்பாக இருந்தது.

நடுத்தரமான ரப்பரில் வெட்டிப் போட்டார். அதில் இடியும் கொஞ்சம், கீச்சும் கொஞ்சம். இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு. ஒன்றில் இடி போனால் அவள் புருவம் ஏறியது, புருவம் இறங்கினால் இடி வந்தது. மதியம் தாண்டியது. பிறகு எரிச்சலில் கத்தியைக் கீழே வைத்தார்.

"மெதுவா இருந்தா சாயுது. கெட்டியா இருந்தா இடிக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல."

அவள் சிரித்தாள். "நம்ம வீட்டு ரப்பர் மாதிரிதான். நீங்க கெட்டி, நான் மெது. எடுத்த எடுப்புல கொஞ்சம் விட்டுக் கொடுத்துட்டு அப்புறமா உங்க பிடிவாதத்தைக் காட்டினா யாருக்கு நஷ்டம்?"

முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்தது. பதிலுக்கு ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். எடுத்த எடுப்பில் விட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் பிடிவாதமாக நிற்க வேண்டும். கெட்டி ரப்பர் துண்டு ஒன்றை எடுத்து, தோலில் ஓட்டை போடுகிற பஞ்ச்சை அதன் நடுவில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். நடுவில் ஓட்டை விழுந்தது. விரலால் அழுத்தினார். ஓட்டை மூடுகிற வரை ரப்பர் இடம் கொடுத்தது, மூடியதும் கல்லாக நின்றது.

"நீ சொன்னது இதுதான்," என்று அவளிடம் காட்டினார்.

"நான் உங்களைச் சொன்னேன்," என்றாள் அவள்.

முதல் ஓட்டை சின்னதாகிவிட்டது, இடி மிச்சமிருந்தது. அடுத்தது பெரிதாகி ரப்பர் கிழிந்தது. ஓட்டையின் அளவைக் கண்டுபிடிக்கத் தகட்டில் பாதி தீர்ந்துவிட்டது. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்த நேரத்தில் அவர் ஒரு மோட்டாரை இறுக்கி, பொத்தானை அழுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. புருவம் அசையவில்லை, தோள் ஏறவில்லை. மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லையோ என்று கேபிளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஓடுச்சுங்க," என்று அவள் கையால் சுற்றிக் காட்டினாள். "நல்லா இருக்கு. லேசா ஒரு முனகல், அவ்வளவுதான்."

"கீச்சு?"

"இல்ல."

"நிஜமா? என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லலயே?"

"உங்க மனசுக்காக நான் என்னைக்குங்க பொய் சொல்லியிருக்கேன்?"

அது உண்மைதான். அவர் இன்னொரு தடவை ஓட்டினார், அவசியமே இல்லாமல், அந்த முகத்தைப் பார்ப்பதற்காக.

டிப்போவில் வண்டியைக் காட்டும் நாளில் மனைவியும் லீவு போட்டுவிட்டு வந்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று முதலாளியம்மாவுக்குப் புரியவில்லை. கேட்கிற மனநிலையிலும் அவர் இல்லை. சூப்பர்வைசர் ஒல்லியான மனிதர், முகத்தில் தூக்கமே தெரியாத களைப்பு. அவரே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மெத்தைக்காரர் வண்டியைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் எஞ்சினை நிறுத்தினார், மறுபடி போட்டார், பின்னால் போய் நோயாளி படுக்கிற பலகையில் உட்கார்ந்துகொண்டு அங்கே நின்ற வேறொரு ஓட்டுநரைப் போடச் சொன்னார். பிறகு இறங்கி வந்தார்.

"நல்லா இருக்கு," என்றார். முதலாளியம்மா மூச்சை விட்டார். அதற்குள் சூப்பர்வைசர் மெத்தைக்காரரின் பக்கம் திரும்பி, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி எதிரில் வந்து நின்றார். "ஆனா போன ரெண்டு தடவையும் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க. அப்ப உங்களுக்குக் கேக்காத சத்தம் இப்ப மட்டும் எப்படிக் கேட்டுச்சு? மீதி வண்டிய நம்பிக் கொடுக்கணும். அதனாலதான் கேக்குறேன்."

முதலாளியம்மா குறுக்கிட்டார். "அது சார், அப்ப வந்த ரப்பர் சரக்கு சரியில்ல…"

நல்ல வாசலாகத் திறந்து வைத்திருந்தார். ஆமாம் என்று தலையசைத்தால் போதும், பெஞ்ச் அப்படியே இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மெத்தைக்காரர் ஒரு நிமிடம் அந்த வாசலைப் பார்த்தார்.

"ரப்பர் மேல தப்பு இல்ல சார். எனக்குக் காது கேக்காது. அந்தக் கீச்சு எனக்கு இப்பவும் கேக்கல. இவங்கதான் கேட்டுச் சொன்னாங்க. நான் ரப்பர் வெட்டினேன்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்க டிரைவரை அன்னைக்குத் திட்டிட்டேன். அவர் சொன்னது சரி. நேர்ல பார்த்து மன்னிப்புக் கேக்கணும்," என்றார்.

முதலாளியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"பெஞ்ச் போயிடும்னு பயந்துட்டேம்மா."

"கேக்கிறதுக்குக் காது நம்ம பட்டறையில எல்லார்கிட்டயும் இருக்கு. காயில்காரரை உக்கார வச்சா கேட்டுச் சொல்லிட்டுப் போறார், அவர்தான் பஞ்சை வச்சு அடைச்சுக்கிட்டுத் திரியிறார். இதை வெட்டுறதுக்கு உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா? பெஞ்ச் எங்கயும் போகல." குரல் அதட்டலாகத்தான் வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது.

சூப்பர்வைசர் கழுத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். "என் டிரைவருங்கள்லயும் சில பேருக்குச் சைரன் கேட்டுக் கேட்டுக் காது போயிடுச்சு. ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கிறான். அதனாலதான் உங்க மேலயும் சந்தேகம் வந்துச்சு," என்றார். பிறகு முதலாளியம்மாவிடம், "மீதி வண்டி எல்லாத்தையும் அனுப்புறேன். ஒவ்வொண்ணும் யாராவது ஒருத்தர் காதால கேட்டு, இவர் கையால முடிச்சு வரணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதலாளியம்மா தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இவர்கள் இருவரும் நடந்தே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சாலையில் நல்ல நெரிசல், லாரிகள் உறுமிக்கொண்டு போயின. கொஞ்ச தூரம் போனதும் மனைவி முன்னால் பார்த்தபடியே ஏதோ சொன்னாள்.

மெத்தைக்காரர் நின்றுவிட்டார். அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

"எனக்குக் கேக்கல," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அங்க நல்லா சொன்னீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."